வேலியே பயிரை மேய்ந்தது!

1936-ம் ஆண்டு முடியும் நேரம். மஞ்சூரியாவில் குளிர் காலம் தொடங்கிவிட்டது. அங்கே இருந்த ஜப்பானிய ராணுவத்தின் தலைமையகத்துக்கு டோக்கியோவில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் கொண்டு வந்தது ஓர் உத்தரவு.

மஞ்சூரியாவில் இருந்த அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் உள்ள மங்கோலியப் பகுதியில் ரகசியமாக ஆள் திரட்டி, சீனர்களோடு மோத விட்டுக் கொண்டிருந்தார்கள். "மேலிடத்துக்கு இது சம்மதம் இல்லை, உடனே நிறுத்துங்கள்" என்பதுதான் வந்தவர் சொன்ன செய்தி.

கேட்டுக் கொண்டிருந்தவர்களில் முட்டோ அகிரா என்ற அதிகாரியும் ஒருவர். அவர் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மஞ்சூரியாவில் வந்தவர் எதைச் செய்தாரோ, அதையேதான் தாங்களும் செய்வதாகச் சொன்னார். அவரே வந்து தடுப்பது வியப்பாக இருக்கிறது என்றும் சொன்னார். சுற்றி இருந்த வாலிப அதிகாரிகள் வாய் விட்டுச் சிரித்தார்கள்.

வந்தவரால் என்ன பதில் சொல்ல முடியும்? முட்டோ சொன்னது உண்மை. உத்தரவை மீறுவது எப்படி என்று அந்த வாலிபர்களுக்கு வழி காட்டியவரே அவர்தான்!

அவர் பெயர் இஷிவாரா கான்ஜி. ஜப்பானிய ராணுவத்தில் அவரைப் போன்ற அறிவாளிகள் குறைவு. அந்த அறிவு அவருடைய நாட்டை எங்கே கொண்டு போய் விட்டது என்பதுதான் இன்று நாம் சொல்லப் போகும் கதை.

போலீஸ்காரர் மகன்

இஷிவாரா 1889-ம் ஆண்டு, ஜப்பானின் வட பகுதியில் உள்ள சுருவோக்கா என்ற ஊரில் பிறந்தார். தந்தை போலீஸ் அதிகாரி. பையன் 13 வயதிலேயே ராணுவப் பள்ளியில் சேர்ந்தான். 1909-ல் படித்து முடித்து அதிகாரி ஆனான். பிறகு, மேல் அதிகாரிகளைத் தயாரிக்கும் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1918-ல் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறினான்.

அதன் பின் ஜெர்மனிக்குப் போனார் இஷிவாரா. நெப்போலியன் நடத்திய யுத்தங்களையும், முதல் உலக யுத்தத்தையும் துருவித் துருவிப் படித்தார். பௌத்த மதத்தின் ஒரு பிரிவான நிச்சிரென் நெறியில் அவருக்கு ஆழ்ந்த பற்று உண்டு. படித்ததையும் நம்பியதையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தார். உலகத்தில் கடைசியாக ஒரு மகா யுத்தம் வரும். அதில் ஒரு பக்கம் ஜப்பான், மறு பக்கம் அமெரிக்கா நிற்கும். அதற்குப் பிறகு உலகில் யுத்தமே இராது என்பது அவர் எண்ணம்.

அந்த யுத்தத்துக்கு ஜப்பான் தயாராக வேண்டுமே! ஜப்பான் சின்ன நாடு. நிலக்கரி போதாது, இரும்பு போதாது, விளைநிலமும் போதாது. அவருடைய கண் மஞ்சூரியாவின் மேல் விழுந்தது.

மஞ்சூரியா சீனாவின் வடகிழக்குப் பகுதி. பரப்பில் ஜப்பானைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்கே ஒரு ரெயில் பாதை ஜப்பானுக்குச் சொந்தமாக இருந்தது. அந்தப் பாதையைக் காப்பதற்காக ஒரு படையும் இருந்தது. அதற்குக் குவாண்டுங் ராணுவம் என்று பெயர். 1928-ம் ஆண்டு அக்டோபரில் இஷிவாரா அந்தப் படைக்கு மாற்றப்பட்டார்.

தண்டிக்காமல் விட்ட குற்றம்

அவர் போவதற்கு நாலு மாதம் முன்பு அங்கே ஒரு பயங்கரம் நடந்திருந்தது. மஞ்சூரியாவை ஆண்டு வந்த சீனத் தளபதி சாங் சோ லின். 1928 ஜூன் 4-ந் தேதி அவர் ரெயிலில் வந்து கொண்டிருந்தபோது, வெடி வைத்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் குவாண்டுங் ராணுவத்தின் அதிகாரிகளே!

குற்றவாளி யார் என்று சர்க்காருக்குத் தெரிந்தது. ஆனால் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைத்தார்கள். சதி செய்தவருக்குக் கோர்ட்டும் இல்லை, சிறையும் இல்லை. வேலையில் இருந்து விலக்கியதோடு சரி. விஷயத்தைச் சரியாகக் கையாளாத பிரதம மந்திரியின் மீது சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ கோபம் கொண்டார். பிரதம மந்திரி பதவி விலகினார்.

கொலை செய்தவர் தப்பினார். பிரதம மந்திரி பதவி இழந்தார். மற்ற அதிகாரிகள் இதில் இருந்து என்ன பாடம் படித்திருப்பார்கள்?

அந்த இரவு

1931-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி இரவு. முக்டன் நகருக்குப் பக்கத்தில், ஜப்பானியரின் ரெயில் பாதையில் ஒரு வெடி வெடித்தது. சேதம் மிகவும் குறைவு. சற்று நேரத்தில் ஒரு ரெயில் அதே பாதையில் ஓடி, பத்திரமாக முக்டன் போய்ச் சேர்ந்தது!

ஆனால் வெடி வைத்தவர்களுக்குப் பாதை முக்கியம் இல்லை, சாக்குத்தான் முக்கியம். "சீனர்கள் வெடி வைத்துவிட்டார்கள்" என்று கூச்சல் கிளம்பியது. ஜப்பானியத் துருப்புகள் உடனே சீனப் படை வீடுகளைத் தாக்கின. இதற்காகவே முன்கூட்டி ரகசியமாகக் கொண்டு வந்து வைத்திருந்த பெரிய பீரங்கிகள் முழங்கின. விடிவதற்குள் முக்டன் நகரம் ஜப்பானியர் கையில் விழத் தொடங்கிவிட்டது.

வெடி வைத்ததும் ஜப்பானியரே. திட்டம் போட்டவர்களில் முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் கர்னல் இட்டகாகி. மற்றவர் நம் கதையின் நாயகர் இஷிவாரா.

டோக்கியோவுக்கு முன்பே சந்தேகம் வந்திருந்தது. "அவசரப்படாதீர்கள்" என்று தடுப்பதற்காக ஒரு ஜெனரலை அனுப்பி வைத்திருந்தார்கள். அவர் அன்று மாலைதான் முக்டன் வந்து சேர்ந்தார். அதிகாரிகள் அவரை ஒரு விடுதிக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார்கள், மது கொடுத்தார்கள். கொண்டு வந்த செய்தியைச் சொல்லாமலே அவர் படுத்துவிட்டார். பீரங்கி முழங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது! அவருக்கே இதில் உள்ளூரச் சம்மதம் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

போர்ட் ஆர்தரில் இருந்த படைத் தலைவர் ஹோன்ஜோவிடம் இஷிவாரா பேசினார். முதலில் தயங்கிய தலைவர், பிறகு "சரி, பொறுப்பு என்னுடையது" என்ற முடிவுக்கு வந்தார். கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையும் சக்கரவர்த்தியின் அனுமதி இல்லாமலே எல்லையைத் தாண்டி வந்து சேர்ந்து கொண்டது.

சர்க்கார் என்ன செய்தது?

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் அன்று இருந்த அரசியல் சட்டப்படி, பட்டாளம் சக்கரவர்த்திக்கு மட்டுமே கட்டுப்பட்டது. எங்கே போரிடுவது, எப்படிப் போரிடுவது என்பதில் பிரதம மந்திரி தலையிட முடியாது. மந்திரி சபையின் கையில் இருந்த பிடி ஒன்றே ஒன்றுதான். அது பணம்.

"சண்டையைப் பெரிதாக்க மாட்டோம்" என்று மந்திரி சபை அறிவித்தது. ஆனால் கொரியாவில் இருந்து படை எல்லை தாண்டிய மறுநாளே, "நடந்தது நடந்துவிட்டது" என்று அதன் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது! கையில் இருந்த ஒரே பிடியையும் தானே விட்டுவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்த மந்திரி சபையும் கவிழ்ந்தது.

ஐந்து மாதத்துக்குள் மஞ்சூரியாவின் முக்கிய நகரங்கள் எல்லாம் ஜப்பான் வசமாயின. 1932 மார்ச்சில் அங்கே "மஞ்சுகுவோ" என்ற பொம்மை ராஜ்யம் ஏற்பட்டது. சீனாவின் பழைய பேரரசர் பூ யி அதன் தலைவராக வைக்கப்பட்டார். உலக நாடுகளின் சங்கம் இதை ஏற்கவில்லை. 1933-ல் ஜப்பான் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறியது.

உத்தரவு இல்லாமல் யுத்தம் தொடங்கியவருக்கு என்ன தண்டனை? தண்டனை இல்லை, வெகுமதி கிடைத்தது! இஷிவாரா கர்னல் ஆனார். ஹோன்ஜோ சக்கரவர்த்தியின் அரண்மனையில் தலைமை ராணுவ அதிகாரி ஆனார். பிரபுப் பட்டமும் பெற்றார். பத்திரிகைகள் புகழ்ந்தன. மக்கள் கொடி பிடித்துக் கொண்டாடினார்கள்.

விஷ விதை ஊன்றியாகி விட்டது. இனி முளைக்க வேண்டியதுதான் பாக்கி!

இரண்டு கோஷ்டிகள்

அந்தக் காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்குள் கோஷ்டிச் சண்டை முற்றிக் கொண்டு வந்தது. ஒரு கோஷ்டிக்குச் "சக்கரவர்த்தி நெறி" என்று பெயர். ஜெனரல் அராக்கியும் ஜெனரல் மசாக்கியும் அதன் தலைவர்கள். பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் நாட்டைக் கெடுக்கிறார்கள். அவர்களை அகற்றிவிட்டால் சக்கரவர்த்தி நேராக ஆள்வார். எல்லாம் நன்றாகும் என்று இந்தக் கோஷ்டியின் வாலிபர்கள் நம்பினார்கள்.

இன்னொரு கோஷ்டிக்குக் "கட்டுப்பாடு" என்று பெயர். மேஜர் ஜெனரல் நகாட்டா அதன் மூளை. டோஜோவும் அந்தப் பக்கம்தான். இவர்களும் நாட்டை ராணுவத்தின் பிடியில் கொண்டு வரவே விரும்பினார்கள். ஆனால் வாளை உருவிக் கொண்டு ஓடாமல், அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ய நினைத்தார்கள்.

வாலிப அதிகாரிகளின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பட்டு விலை விழுந்துவிட்டது. வட பகுதிகளில் பஞ்சம். பெற்ற பெண்ணையே விற்று வயிறு கழுவிய குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பத்துப் பையன்கள்தான் இவர்களிடம் சிப்பாய்களாக வந்தார்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்தவன் கொதிப்பது இயற்கை. ஆனால் கொதித்த ரத்தம் கொலையில் போய் முடிந்தது.

1932 மே 15-ந் தேதி, கடற்படையின் வாலிப அதிகாரிகள் பிரதம மந்திரி இனுகாயை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். விசாரணையின்போது அவர்களுக்கு இரக்கம் காட்டும்படி நாடெங்கும் இருந்து மனுக்கள் குவிந்தன. ஒருவருக்குக்கூடத் தூக்கு இல்லை.

1935 ஆகஸ்ட் 12-ந் தேதி, யுத்த இலாகா அலுவலகத்திலேயே இன்னொரு கொலை விழுந்தது. சக்கரவர்த்தி நெறிக் கோஷ்டியைச் சேர்ந்த ஐசாவா என்ற அதிகாரி உருவிய வாளோடு உள்ளே நுழைந்தார். மேஜையில் வேலை பார்த்துக் கொண்டிருந்த நகாட்டாவைப் பட்டப் பகலில் வெட்டிச் சாய்த்தார். ராணுவமே ராணுவத்தை வெட்டியது!

இஷிவாரா இந்த இரண்டு கோஷ்டியிலும் சேராதவர். அதே ஆகஸ்டு மாதத்தில்தான் அவர் டோக்கியோ தலைமையகத்தில் யுத்தத் திட்டப் பிரிவின் தலைவராகப் பொறுப்பு ஏற்றார்.

பனி மேல் ரத்தம்

1936 பிப்ரவரி 26-ந் தேதி. டோக்கியோவில் பனி கொட்டிக் கிடந்தது. விடியும் முன்னே சுமார் 1,400 சிப்பாய்களை அழைத்துக் கொண்டு வாலிப அதிகாரிகள் புறப்பட்டார்கள். நிதி மந்திரி டக்காஹாஷியைப் படுக்கையிலேயே கொன்றார்கள். முன்னாள் பிரதம மந்திரி சைட்டோவைக் கொன்றார்கள். ஜெனரல் வாட்டனாபேயைக் கொன்றார்கள். பிரதம மந்திரி ஒக்காடாவைத் தேடி வந்தவர்கள், அவருடைய மைத்துனரை அவர் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். பிரதம மந்திரி ஒளிந்திருந்து தப்பினார்.

நாலு நாள் தலைநகரத்தின் நடுப்பகுதி கலகக்காரர் கையில் இருந்தது. பெரிய ஜெனரல்கள் பலர் தடுமாறினார்கள். சக்கரவர்த்தி தடுமாறவில்லை. தேவையானால் தாமே காவல் படையை நடத்திச் சென்று கலகத்தை அடக்குவதாகச் சொன்னார்.

அந்த நாட்களில் இஷிவாரா ராணுவச் சட்டத் தலைமையகத்தில் பணி புரிந்தார். கலகத்தை ஒடுக்கியே தீர வேண்டும் என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். 29-ந் தேதி கலகம் அடங்கியது. கலகத்துக்காக 19 பேர் மரண தண்டனை பெற்று மாண்டார்கள்.

பாருங்கள், விதியின் விளையாட்டை! 1931-ல் உத்தரவை மீறிய இஷிவாரா, 1936-ல் உத்தரவை மீறியவர்களை அடக்கினார். ஆனால் அந்த வாலிபர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்? "அவர் செய்தால் தேசபக்தி, நாம் செய்தால் ராஜத் துரோகமா?" என்றுதானே கேட்டிருப்பார்கள்?

கேட்பார் இல்லை

மஞ்சூரியா கிடைத்த பிறகு இஷிவாராவின் எண்ணம் மாறியது. இனிப் பல ஆண்டுகள் ஜப்பான் சண்டைக்கே போகக் கூடாது. தொழிற்சாலைகளை வளர்க்க வேண்டும். சீனாவோடு சமாதானமாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டார். முட்டோவும் மற்றவர்களும் சிரித்து அனுப்பியது அப்போதுதான்.

அப்போதும் அவர் முழுதாகத் திருந்தினார் என்று சொல்ல முடியாது. 1937 ஜனவரியில் ஜெனரல் உகாக்கியை மந்திரி சபை அமைக்கும்படி சக்கரவர்த்தி அழைத்தார். ராணுவத்தை ஓரளவு அடக்கி வைக்கக் கூடியவர் உகாக்கி. அதனாலேயே ராணுவத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. யுத்த மந்திரியாக யாரும் வராமல் செய்து, அவரைத் திரும்ப வைத்தார்கள். அந்த வேலையில் முன் நின்றவர் இஷிவாரா! பின்னால் தமக்கே உதவக் கூடிய ஒரு தூணை அவரே தள்ளிவிட்டார்.

1937 ஜூலை 7-ந் தேதி, பீக்கிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பானியருக்கும் சீனருக்கும் சண்டை மூண்டது. இஷிவாரா அப்போது மேஜர் ஜெனரல். யுத்தத் திட்ட இலாகாவுக்கே தலைவர். "சீனாவுக்குள் கால் வைத்தால் எடுக்க முடியாது. ஸ்பெயினில் நெப்போலியன் மாட்டிக் கொண்டது போல மாட்டிக் கொள்வோம்" என்ற பொருளில் எச்சரித்தார்.

யார் கேட்டார்கள்? அவருக்குக் கீழே வேலை பார்த்த முட்டோவே யுத்தம் வேண்டும் என்று நின்றார். யுத்த மந்திரியோ, ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று சக்கரவர்த்தியிடம் சொன்னார். அந்த ஒரு மாதம் எட்டு ஆண்டுகள் ஆயிற்று!

செப்டம்பரில் இஷிவாராவைப் பதவியில் இருந்து நீக்கி, மறுபடி மஞ்சூரியாவுக்கே அனுப்பினார்கள். அங்கே அவருக்கு மேலதிகாரி டோஜோ. இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. டோஜோவைச் சாதாரணச் சிப்பாய்க்குச் சமமாக வைத்து இஷிவாரா கேலி செய்வார். மஞ்சூரியாவில் ஜப்பானியர் எஜமானர்கள் போல் நடந்து, அந்த நாட்டு மக்களை மதிக்காமல் இருந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த எஜமானர்களை அங்கே கொண்டு போய் வைத்தவர் யார்?

1941 மார்ச்சில் அவரைப் பட்டாளத்தில் இருந்தே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் டோஜோ பிரதம மந்திரி ஆனார். டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவையும் பிரிட்டனையும் தாக்கியது.

தீ பரவியது

முக்டன் ரெயில் பாதையில் வைத்த தீ, கடலைத் தாண்டி நம் மக்களையும் தொட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும், ஆந்திரக் கரையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் - பர்மா ரெயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். காட்டிலும் காய்ச்சலிலும் மாண்டவர் பலர். முக்டன் எங்கே, மலேயாத் தோட்டம் எங்கே! ஆனாலும் அந்தப் பாவம் இந்த ஏழைகள் தலையிலும் வந்து விடிந்தது.

1945 ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பான் சரண் அடைந்ததாகச் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் கேட்டது. சீனாவில் மாண்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஜப்பானியரில் மாண்டவர்கள் சுமார் 31 லட்சம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஹோன்ஜோ தற்கொலை செய்து கொண்டார். 1948 டிசம்பர் 23-ந் தேதி டோஜோ, இட்டகாகி, முட்டோ ஆகியோர் தூக்கில் இடப்பட்டார்கள். இஷிவாராவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நோயாளியாக இருந்த அவரிடம், 1947 மே தொடக்கத்தில், வட ஜப்பானில் உள்ள சக்காட்டா என்ற ஊருக்கே வந்து சாட்சியம் பெற்றார்கள். 1949-ம் ஆண்டு அவர் இறந்தார். இறந்த தேதி ஆகஸ்டு 15. ஜப்பான் சரண் அடைந்த அதே தேதி!

நாம் அறிய வேண்டியது

இஷிவாரா கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். அது எளிது. ஆனால் அவர் லஞ்சம் வாங்கியவர் இல்லை, கோழை இல்லை, முட்டாளும் இல்லை. நாட்டுக்கு நல்லது செய்வதாக நம்பியே செய்தார். அதனால்தான் இந்தக் கதை நமக்கு முக்கியம். "என் நோக்கம் நல்லது, ஆகையால் சட்டம் எனக்கு இல்லை" என்று நினைத்தார். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக, அதே வார்த்தையைச் சொல்லிக் கொண்டு, அவரைவிடப் புத்தி குறைந்தவர்கள் நூறு பேர் நுழைந்தார்கள். அப்போது கதவைச் சாத்த அவராலும் முடியவில்லை.

"அப்படியானால் எந்த உத்தரவையும் மீறவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். மனசாட்சிக்காக மீறுகிறவனும் உண்டு. அவன் பகலில் மீறுவான். நான்தான் செய்தேன் என்று சொல்வான். தண்டனையைத் தலை வணங்கி ஏற்பான். இருட்டில் வெடி வைத்து, பழியை அடுத்தவன் மேல் போட்டு, பதவி உயர்வு வாங்கிக் கொள்வது மனசாட்சியின் வேலை ஆகாது.

குற்றம் இஷிவாரா ஒருவருடையது மட்டும் அல்ல. பையன் பக்கத்துத் தோப்பில் மாங்காய் திருடிக் கொண்டு வருகிறான். தாய் கண்டிக்காமல், "நல்ல காயாகத்தான் பறித்திருக்கிறாய்" என்று ஊறுகாய் போடுகிறாள். நாளைக்கு அவன் பெட்டியை உடைத்தால் யார் மேல் குற்றம்? செலவுக்குப் பணம் கொடுத்த மந்திரிகளும், புகழ்ந்து எழுதிய பத்திரிகைகளும், கொடி பிடித்த மக்களும் அந்தத் தாயின் வேலையைத்தான் செய்தார்கள்.

ஜப்பான் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1947 மே 3-ந் தேதி அங்கே புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பிரதம மந்திரியும் மற்ற மந்திரிகளும் பட்டாளத்தைச் சேராத பொதுமக்களாகவே இருக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள்.

பயிருக்கு வேலி வேண்டும். நாட்டுக்குப் பட்டாளம் வேண்டும். ஆனால் வேலி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது நிலத்துக்கு உடையவனின் வேலை. நாட்டுக்கு உடையவர்கள் மக்கள். வேலி ஓர் அடி நகர்ந்தபோது, "பக்கத்து நிலம் நமக்குக் கிடைத்ததே" என்று மகிழ்ந்து பேசாமல் இருந்தால், அடுத்த அடி நம் பயிரின் மேல்தான் விழும்.